லயத்துக்குள் ஒரு கப்பல்

போனக்காட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு கடற்கொள்ளையர் புதையல் வேட்டை

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவலில் ஒற்றைக்கால் ஜான் சில்வர் ஒரு கிளி வளர்க்கிறான். கடல் கடலாகச் சுற்றிய கிளி அது. அது போய்வந்த இடங்களைச் சில்வர் அடுக்கும்போது மடகாஸ்கரை அடுத்து வருகிற பெயர், மலபார். படிக்கிற அவசரத்தில் பலரும் அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுவார்கள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கறுப்புக் கண்பட்டையும் பிளாஸ்டிக் கத்தியும் வாங்குகிற நாம், இதெல்லாம் கரீபியன் கடலிலிருந்து வந்த விளையாட்டு என்றே நினைக்கிறோம். ஆனால் அந்தக் கதைகளின் வேர் ஒன்று, திருவனந்தபுரத்துக்கு மேற்கே விரிந்து கிடக்கும் இதே அரபிக்கடலுக்குள் ஓடுகிறது.

கேப்டன் கிட் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளைக்காரன் புதைத்த பெட்டி, அதைத் தேடிப் போகும் கூட்டம் என்று உலகம் முழுவதும் சொல்லப்படும் கதைகளுக்கு அடிக்கல் போட்டவர் அவர். உண்மையான கடற்கொள்ளையர் யாரும் அநேகமாகப் புதையல் புதைத்ததில்லை. கிடைத்ததை அங்கேயே பங்கு போட்டு அடுத்த துறைமுகத்தில் தீர்த்துவிடுவார்கள். கிட் விதிவிலக்கு. 1699-இல் நியூயார்க்கை அடுத்த கார்டினர்ஸ் தீவில் அவர் கொஞ்சம் பொன்னும் துணியும் புதைத்தார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கப்பலின் பெயர் ‘கேதா மெர்ச்சன்ட்’. வங்காளத்திலிருந்து பட்டும் மஸ்லினும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலை, 1698 ஜனவரியில் கொச்சிக் கடலில் வைத்துத்தான் அவர் பிடித்தார். 1701-இல் லண்டனில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு மூன்று நூற்றாண்டுகளாக உலகம் தேடிக்கொண்டிருக்கும் ‘கிட் புதையல்’ நம் கரையோரத்தில் கிளம்பிய கதை.

இன்னொரு கதை சென்னைக்காரர்களுக்கும் சொந்தம். 1720 ஆகஸ்டில், கொமோரோ தீவுகளில் ஒன்றான ஜொஹன்னாவில், ‘கஸாண்ட்ரா’ என்ற ஆங்கிலேயக் கப்பலை எட்வர்ட் இங்கிலண்ட், ஜான் டெய்லர் ஆகியோரின் கொள்ளைக் கூட்டம் தாக்கியது. கப்பலின் தலைவர் ஜேம்ஸ் மக்ரே மணிக்கணக்காகச் சண்டையிட்டுக் கடைசியில் கப்பலைப் பறிகொடுத்தார். சில நாள் மறைந்திருந்துவிட்டுத் தானே கொள்ளையரிடம் பேசப் போனார். அவரைக் கொன்றுவிட வேண்டும் என்று பாதிப் பேர் கத்திக்கொண்டிருந்தபோது, பெரிய மீசையும் மரக்காலுமாக, உடம்பெல்லாம் துப்பாக்கி செருகிய ஒருவன் முன்னால் வந்து, ‘இவர் நல்லவர், இவரோடு நான் கப்பலில் போயிருக்கிறேன், இவர்மேல் எவனும் கை வைக்கக்கூடாது’ என்ற பொருளில் சத்தியம் செய்து காப்பாற்றினான். கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்ற பெயரில் 1724-இல் லண்டனில் வெளிவந்த கடற்கொள்ளையர் வரலாற்றில் இந்தக் காட்சி இருக்கிறது. உயிர் தப்பிய மக்ரே 1725 முதல் 1730 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தார். அந்த மரக்கால்காரன் பெயர் எவருக்கும் தெரியாது. ஸ்டீவன்சன் ஜான்சன் நூலைப் படித்தவர். சில்வரின் குணத்துக்கு, ஒரு காலை இழந்த தன் நண்பர் ஹென்லிதான் மாதிரி என்று அவரே சொல்லியிருந்தாலும், சில்வரின் கிளி கடல் சுற்றியது இதே எட்வர்ட் இங்கிலண்டுடன்தான் என்று நாவலில் எழுதியிருக்கிறார்.

கஸாண்ட்ராவைக் கைப்பற்றிய கூட்டம் அதே ஆண்டின் கடைசியில் கொச்சிக்கு வந்தது. அங்கிருந்த டச்சுக்காரர்களிடம் சாராயமும் சாப்பாட்டுச் சாமானும் வாங்கிக்கொண்டு, டச்சு ஆளுநருக்கு மக்ரேயின் கப்பலில் பிடித்த மேசைக் கடிகாரத்தையும் அவர் மகளுக்கு ஒரு தங்கக் கடிகாரத்தையும் பரிசாகக் கொடுத்தார்கள் என்கிறது ஜான்சன் நூல்.

இத்தனை கதை கடலோரம் கிடக்க, போனக்காட்டுக்கு ஏன் போகவேண்டும்?

மலைமேல் இருக்கிற கடல்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறினால், காணித்தடம் சோதனைச் சாவடியைத் தாண்டி, சாலை முடிகிற இடம் போனக்காடு. அகத்தியர்கூடத்துக்கு நடந்து ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு வருஷத்தில் சில வாரங்கள்தான் வனத்துறை அனுமதி. மற்ற மாதங்களில் இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு பொருளைத் தேடி வருகிறார்கள்: பேய். இடிந்து கிடக்கும் பழைய மேலாளர் பங்களா ஒன்றில் வெள்ளைக்காரச் சிறுமியின் ஆவி உலாவுகிறது என்று யாரோ கட்டிவிட்ட கதையைக் கைப்பேசியோடு தேடி வருகிறார்கள்.

இந்த ஊரில் பேயைவிடப் பெரிய சங்கதி இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய தேயிலைத் தோட்டம் இது. தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். தோட்டம் முடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தொழிற்சாலையின் இயந்திரங்கள் துருவேறி நிற்கின்றன. கவாத்து காணாத தேயிலைச் செடி மரமாக வளர்ந்து நிற்கிறது. சேரவேண்டிய கூலிக்கும் பணிக்கொடைக்கும் காத்திருந்தே வயதாகிப்போன தொழிலாளிகள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு ‘பாழடைந்த இடம்’. அங்கே பிறந்து வளர்கிற குழந்தைக்கு இது வீடு. தன் வீட்டைப் பார்த்துப் பயப்படுவதற்காக ஜீப்பில் வந்திறங்குகிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு குழந்தை வளர்வதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. புதையல் வேட்டையை இந்த ஊரில் வைத்துத் திட்டமிட வேண்டும் என்று நான் நினைத்ததன் காரணம் இதுதான். அந்த வேட்டையில் தேடப்படுகிற பொருள் அந்தக் குழந்தையின் சொந்த வீட்டிலேயே, சொந்த ஆச்சியிடமே இருக்கவேண்டும்.

கடலுக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் அவர்கள் வாசலிலேயே ஓடுகிறது. இந்த மலைகளில் பிறக்கும் கரமனை ஆறு, பேப்பாறை அணையில் தேங்கி, திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்துவிட்டு, கோவளத்தை ஒட்டிய பனத்துறையில் கடலில் சேர்கிறது. ஆற்றோடு இறங்கினால் கடல், ஆற்றோடு ஏறினால் போனக்காடு. ஒரு மாலுமி வழிதவறி மேலே வந்துவிட்டான் என்று கதை கட்ட இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

மழைக்காலத்துப் படம்

ஸ்டீவன்சனின் நாவலும் ஒரு வீட்டு விளையாட்டாகத்தான் தொடங்கியது. 1881-ஆம் ஆண்டு ஆகஸ்ட், ஸ்காட்லாந்தின் பிரேமர் என்ற மலையூர். விடாத மழை. மனைவியின் மகன் லாயிட் ஆஸ்போர்னுக்கு அப்போது 13 வயது. வெளியே போக வழியில்லாமல் அந்தச் சிறுவனோடு உட்கார்ந்து வண்ணப்பெட்டியை வைத்துக்கொண்டு ஸ்டீவன்சன் ஒரு தீவின் படத்தை உருவாக்கினார். குடா, மலை, கப்பல் நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார். படத்தைப் பார்க்கப் பார்க்க அதற்குள்ளிருந்து மனிதர்கள் எழுந்து வந்தார்கள் என்று பின்னாளில் எழுதினார். முதலில் வந்தது வரைபடம், அதன் பிறகுதான் கதை. 1883-இல் புத்தகமாக அச்சேறும்போது அந்த மூலப்படம் பதிப்பகத்துக்குப் போகிற வழியில் தொலைந்துபோக, வேறொன்று வரைய வேண்டியதாயிற்று.

வீட்டில் வேட்டை நடத்துகிற பெரியவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவதற்கு முன்னால், ஒரு தாளில் உங்கள் வீட்டை வரையுங்கள். அடுப்படி, திண்ணை, தண்ணீர்த் தொட்டி, கோழிக்கூடு, பக்கத்து வீட்டு வாசல். வரைந்து முடிக்கும்போது எதை எங்கே ஒளிக்கலாம் என்பது தன்னால் தெரிந்துவிடும். இன்னொன்று, கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். புதையல் எங்கே என்பதை முதலில் முடிவு செய்து, அந்த இடத்துக்கு அனுப்புகிற குறிப்பை எழுதி, அதை ஒளிக்கும் இடத்துக்கு அனுப்புகிற குறிப்பை எழுதி, இப்படியே பின்னோக்கி வரவேண்டும். முன்னாலிருந்து எழுதிக்கொண்டு போனால் நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போகும். பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவார்கள்.

லயத்தில் இது இன்னும் எளிது. நீளமான ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், எல்லாக் கதவுக்கும் பொதுவாக ஒரு முற்றம். லயமே ஒரு கப்பல் மாதிரிதான். ஒவ்வொரு வீடும் ஓர் அறை. அத்தை வீட்டில் ஒரு குறிப்பு, சித்தி வீட்டில் ஒரு குறிப்பு, கடைசி வீட்டுத் தாத்தாவிடம் ஒரு ரகசியச் சொல். நகரத்து அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றவேண்டிய வேட்டை, இங்கே ஊரையே சேர்த்துக்கொள்கிறது.

தேயிலைச் சாயத்தில் ஒரு கடிதம்

பழைய தாள் செய்ய உலகம் முழுவதும் தேயிலைச் சாயத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது முகம் மலரும். தேயிலையைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கெட்டியான தாளை நன்றாகக் கசக்கிப் பிரித்து, சாயத்தில் சில நிமிடம் ஊறப்போட்டு, தட்டில் விரித்துக் காயவையுங்கள். கசங்கிய மடிப்புகளில் சாயம் இன்னும் ஆழமாகப் பிடித்து, நரம்பு ஓடியதுபோல் தெரியும். ஓரத்தை நெருப்பில் கருக்குவதைப் பலர் செய்கிறார்கள். வேண்டாம், கையால் கிழித்தாலே போதும். காய்ந்தபின் பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் மை பரவாது.

அந்தத் தாளில் எழுதவேண்டிய முதல் கடிதம் கதைக்கு உயிர். இனி வருவது முழுக்கக் கற்பனை என்று பிள்ளைகளிடம் முன்னமே சொல்லிவிடலாம். சொன்னாலும் அவர்கள் நம்பத்தான் போகிறார்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

“நான் மரக்கால் மாலுமி. மக்ரே துரையைக் காப்பாற்றியவன். கொச்சியில் கப்பலை விட்டு இறங்கினேன். தோணியில் தெற்கே வந்தேன். ஒரு ஆற்றைப் பிடித்து மேலே மேலே ஏறினேன். அட்டை கடித்தது. மழை அடித்தது. மரக்கால் ஊறிப்போனது. இந்த மலையில் ஒரு நல்ல வீட்டில் எனக்குக் கஞ்சி ஊற்றினார்கள். எனக்குச் சேரவேண்டிய பங்கை இங்கேயே ஒளித்துவைத்தேன். கஞ்சி ஊற்றியவர்களின் பேரப்பிள்ளைகளே, அது உங்களுக்குத்தான். முதல் குறிப்பு: கோபம் வந்தால் கத்துவேன், மூன்று தரம் கத்தினால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.”

கடிதத்தைச் சுருட்டிப் பாட்டிலில் அடைத்துத் தண்ணீர் உள்ள அண்டாவில் மிதக்கவிடுங்கள். கொஞ்சம் தண்ணீர் போதும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நிறைந்த அண்டாவைத் திறந்துவைக்கக் கூடாது. குக்கருக்கு ஓடுகிற பிள்ளைகள் அங்கே இரண்டாவது குறிப்பை எடுப்பார்கள் (அடுப்பு அணைந்து குக்கர் ஆறியிருக்க வேண்டும்). “வெயிலில் தூங்குவேன், மழையில் பூப்பேன்.” குடைதான். குடையை விரித்ததும் உள்ளேயிருந்து மூன்றாவது குறிப்பு விழட்டும். அது பக்கத்து வீட்டுக் கதவுக்கு அனுப்பட்டும். கதவைத் தட்டினால் அத்தை உள்ளேயிருந்து “கப்பல் எங்கே?” என்று கேட்பார். “மலைமேலே!” என்று ஒன்றாகச் சொன்னால்தான் கதவு திறக்கும்.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்கிற பிள்ளைகளில் சிலருக்குத் தமிழ் பேசவரும், வாசிக்கவராது. அதைக் குறையாகக் காட்டாமல் வேட்டையின் விதியாகவே மாற்றிவிடலாம். தமிழில் உள்ள குறிப்பை ஆச்சியோ தாத்தாவோதான் வாசிக்கலாம். மலையாளத்தில் உள்ளதைப் பிள்ளைகள்தான் வாசிக்கலாம். ஒருவர் இல்லாமல் மற்றவர் கப்பலை நகர்த்த முடியாது.

ஆச்சியின் எண்

இந்த வேட்டையின் நடுக்குறிப்பில்தான் நான் அதிக அக்கறை வைத்தேன். அது இது:

“முதுகில் ஏறி மலைக்குப் போனேன். பச்சை தின்று பாரமாய் வந்தேன். இப்போது வேலையில்லை, வெங்காயத்துக்குக் காவல் இருக்கிறேன்.”

கொழுந்துக் கூடை. கூடைக்குள் ஒரு சின்னப் பெட்டி, அதில் எண் பூட்டு. எண் எங்கேயும் எழுதியிருக்காது. அது ஆச்சியிடம் இருக்கிறது. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் அவர் பெயருக்கு எதிரே இருந்த எண், அல்லது அவர் முதன்முதலாகக் கூடை தூக்கிய வருஷம், அல்லது ஒரே நாளில் அவர் அதிகமாகக் கிள்ளிய கொழுந்து எத்தனை கிலோ என்பது. மூன்றில் எது ஞாபகம் இருக்கிறதோ அதை முன்கூட்டியே கேட்டுப் பூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் ஆச்சியைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்கவேண்டும். காலையில் எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், கங்காணி எங்கே நிற்பார், கூடை நிறைந்தால் எங்கே நிறுப்பார்கள், மழையில் தலைக்கு என்ன போட்டுக்கொள்வார்கள். பதில்களுக்கு நடுவில்தான் அந்த எண் வரும். ஆச்சி அவசரப்படக்கூடாது. எண்ணை முதல் நிமிடமே சொல்லிவிட்டால் விளையாட்டு போய்விடும் என்று அவரிடம் சொல்லிவைப்பது நல்லது. பெரும்பாலான ஆச்சிகளுக்கு இந்த இடத்தில் நம் யோசனை தேவைப்படாது.

எந்த வீட்டிலும் இதற்கு ஈடான பூட்டு ஒன்று இருக்கும். மீனவர் வீட்டில் தாத்தாவின் வள்ளத்துப் பதிவு எண். தறிக்காரர் வீட்டில் பாவின் இழைக் கணக்கு. சென்னை அடுக்குமாடியில் அப்பா முதன்முதலாகக் குடியிருந்த மேன்ஷன் அறை எண். பேரங்காடியில் வாங்கிய புதையல் வேட்டைப் பெட்டிக்குள் இது கிடைக்காது.

மஞ்சள் தாளும் மெழுகும்

பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் அடுத்த குறிப்பு ரகசிய எழுத்தில் இருக்கட்டும். எலுமிச்சைச் சாற்றில் எழுதி இஸ்திரிப் பெட்டியால் சூடாக்குவது எல்லோரும் அறிந்தது. அதைவிட அழகானது நம் சமையலறையில் இருக்கிறது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். அதன்மேல் மெழுகுவர்த்தியால் அழுத்தி எழுதுங்கள். பார்த்தால் வெறும் மஞ்சள் தாள். துணி துவைக்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சால் ஒற்றினால் தாள் சிவக்கும். மெழுகு பட்ட எழுத்து மட்டும் மஞ்சளாகவே நிற்கும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தைக் கண்டால் நிறம் மாறுகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேலைதான். தாள் சிவக்கிற அந்த நொடியில் பிள்ளைகள் போடுகிற கூச்சலுக்காகவே இந்தக் குறிப்பை எந்த வேட்டையிலும் சேர்க்கலாம்.

சிவந்த தாள் வரைபடத்துக்கு அனுப்பும். வரைபடத்தில் கிழக்கே மலை, மேற்கே கடல். ‘வாசல் கல்லில் நின்று மலையைப் பார். ஆச்சி நடையில் பத்தடி. கடல் பக்கம் திரும்பு. குட்டித்தம்பி நடையில் ஐந்தடி.’ யார் அடி என்பதைச் சொல்லி அளப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. ஆச்சியும் எழுந்து நடக்கவேண்டும், கடைக்குட்டியும் கதாநாயகன் ஆகிறான்.

ஒளிக்கும் இடங்களில் கண்டிப்பாக இருங்கள். விறகு அடுக்குக்குள் எதையும் வைக்கக்கூடாது, பாம்பு இருக்கும். காலியாகக் கிடக்கும் லயங்கள், தொழிற்சாலை, பங்களா எதுவும் வேட்டையில் சேராது. சுவர் எப்போது விழும் என்று சொல்லமுடியாது. முற்றத்தைத் தாண்டிக் காடு. யானையும் காட்டுமாடும் வந்துபோகிற இடம். ஆகவே எல்லை முற்றத்து விளிம்பு, நேரம் பகல் மூன்றரை மணிக்குள். எந்த ஊர் வீட்டிலும் கிணறு, பிரிட்ஜ், உள்ளே மாட்டிக்கொண்டால் திறக்கமுடியாத டிரங்குப் பெட்டி, மின்சாரப் பலகை, மாடி விளிம்பு ஆகியவற்றின் பக்கம் எந்தக் குறிப்பும் போகக்கூடாது.

கொள்ளையடிக்கலாமா?

பிள்ளைகளில் ஒருவராவது கட்டாயம் கேட்பார்: “கொள்ளையடிப்பது தப்பு இல்லையா?” தப்புதான் என்று நேராகச் சொல்லுங்கள். அதோடு இன்னொன்றும் சொல்லுங்கள். இந்தக் கடலில் யாரைக் கொள்ளைக்காரன் என்று அழைப்பது என்பதைப் பெரும்பாலும் பீரங்கி வைத்திருந்தவர்களே முடிவு செய்தார்கள். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்ச்சுகீசியர் கொள்ளையர் என்றார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600-இல் கோவாவில் கொன்றார்கள். மராட்டியக் கடற்படையின் கனோஜி ஆங்கரேயை ஆங்கிலேயர் அப்படியே அழைத்தார்கள். இன்று மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளங்களுக்கு இந்த இருவர் பெயரும் இருக்கிறது.

திருவனந்தபுரத்துக் கடலோரத்திலேயே அஞ்சுதெங்குக் கோட்டை நிற்கிறது. ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி வாங்கி மிளகு வணிகத்துக்காக ஆங்கிலேயர் கட்டியது. அவர்களின் அடாவடி தாங்காமல் 1721 ஏப்ரலில் மக்கள் திரண்டெழுந்து, ஆற்றிங்கலுக்குப் பரிசுப் பொருளோடு ஊர்வலமாக வந்த ஆங்கிலேயரைக் கொன்றார்கள். சுமார் 140 பேர். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசலாம். சிறியவர்களுக்கு, நம் மாலுமி நல்லவன், ஒருவரைக் காப்பாற்றியவன் என்பது போதும்.

உடுப்பில் மெனக்கெட வேண்டாம். தாத்தாவின் சாரம் இடுப்பில், துண்டு தலையில். மரக்கால்காரன்போல் நொண்டிக் காட்டிச் சிரிப்பது மட்டும் வேண்டாம். கப்பல் கொடியில் மண்டையோட்டுக்குப் பதில், கேரளத்தின் மாநிலப் பறவையும் இந்தக் காட்டுவாசியுமான இருவாச்சியை அடுப்புக்கரியால் வரையச் சொல்லுங்கள். அந்த அலகை வரைய எல்லாக் குழந்தையும் போட்டிபோடும்.

பெட்டியில் என்ன?

1718-இல் பிளாக்பியர்ட் என்ற கொள்ளைத் தலைவன் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறித்து நின்றான். அவன் கேட்டது பொன் அல்ல, ஒரு பெட்டி மருந்து. கடலில் கிடப்பவனுக்கு எது வேண்டுமோ அதுதான் புதையல். ஆகவே தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. கடலை மிட்டாய், தேன் மிட்டாய், ஒரு காலத்தில் காசாகவே புழங்கிய சோழி, சின்னத் துணி முடிச்சுகளில் மிளகும் ஏலக்காயும். வெள்ளைக்காரன் கப்பலேறி வந்ததே அந்த மிளகுக்காகத்தான் என்று ஒரு சீட்டு. தட்டான்மார் பொன் நிறுக்கப் பயன்படுத்திய மஞ்சாடி விதை, மாணிக்கம்போல் சிவப்பு. இதன் இடத்தில் குன்றிமணியை ஒருபோதும் வைக்காதீர்கள். கறுப்புப் புள்ளியோடு பார்க்க அழகாக இருந்தாலும் அது கொடிய நஞ்சு. கடித்து மென்றால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடியும் தின்பதற்கல்ல. மூன்று வயதுக்குட்பட்டவர்கள் கைக்கு இவை எதுவும் எட்டக்கூடாது.

பெட்டியின் அடியில் ஆச்சி தாத்தாவின் பழைய புகைப்படம் ஒன்று இருந்தால் போதும். பொன் எல்லாம் அதற்கு மேல்தான் கிடக்கும்.

பங்கு போடும் நேரம்

சண்டை வருவது இங்கேதான். உண்மையான கொள்ளையர்களுக்கே இது பெரிய பிரச்சினை. பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பலில் எழுதி ஒப்பமிட்ட விதிகள் இருந்தன: தலைவனுக்கு இரண்டு பங்கு, பீரங்கிக்காரனுக்கு ஒன்றரை, எல்லா மாலுமிக்கும் ஒரு வாக்கு. வேட்டை தொடங்குமுன் பிள்ளைகளும் இப்படி ஒரு தாளில் தங்கள் விதியை எழுதிக் கைநாட்டு வைக்கட்டும். வீட்டு வேட்டையில் இரண்டு அணி பிரித்து மோதவிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். தோற்ற அணியில் அழுதுகொண்டிருக்கிற தங்கையைச் சமாதானப்படுத்துவதில் அந்த மாலை போய்விடும். ஒரே கப்பல், ஒரே குழு, பெட்டியைத் திறக்கிற உரிமை வயதில் சிறியவருக்கு.

கஸாண்ட்ரா கூட்டத்தின் பங்குக் கதையை அப்போது சொல்லலாம். 1721 ஏப்ரலில், ஆற்றிங்கலில் கலவரம் நடந்த அதே மாதத்தில், ரீயூனியன் தீவில் நின்ற போர்ச்சுகீசியக் கப்பலை அவர்கள் பிடித்தார்கள். கோவாவின் வைஸ்ராய் ஊர் திரும்பிக்கொண்டிருந்த கப்பல் அது. ஆளுக்கு 42 சின்ன வைரம் பங்கு வந்ததாம். ஒருவனுக்கு மட்டும், 42 சின்ன வைரத்துக்குச் சமமான ஒரே ஒரு பெரிய வைரம். ‘எல்லோருக்கும் 42, எனக்கு ஒன்றா?’ என்று புலம்பி, அதை உரலில் போட்டு இடித்து, மற்றவர்களைவிட எனக்கு அதிகம் என்று சொன்னானாம். ஜான்சன் நூல் சொல்லும் இந்தக் கதை, ஒரு பெரிய மிட்டாயும் நாலு சின்ன மிட்டாயும் முன்னால் இருக்கும்போது எந்தக் குழந்தைக்கும் உடனே புரியும்.

இந்த மலைக்கே ஒரு பங்குக் கதை உண்டு. 1987-இல், பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவுடன் தொடர்புடைய பி. புஷ்பாங்கதனும் உடன்வந்த ஆய்வாளர்களும் அகத்தியமலைக் காட்டில் ஏறிக் களைத்தபோது, வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஒரு செடியின் சின்னக் காய்களைத் தின்றுகொண்டே அலுப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய மருந்தகத்துக்கு உரிமம் கொடுத்தபோது, உரிமத் தொகையான பத்து லட்சம் ரூபாயிலும் விற்பனையில் வரும் 2 சதவீதத்திலும் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அதைப் பெற 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. அறிந்தவர்களுக்கும் பங்கு என்ற எண்ணத்தை உலகம் திரும்பிப் பார்க்கவைத்த நிகழ்வு அது. பின்னால் அந்த ஏற்பாடு தளர்ந்துபோனதையும் மறைக்கவேண்டியதில்லை. புதையல் பெட்டியில் காணிகளுக்காக ஒரு பங்கு எடுத்துவைக்கலாமா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். குறிப்பு வாசித்த ஆச்சிக்கும் கதவு திறந்த அத்தைக்கும் ஒரு பங்கு என்று அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

ஏப்ரல், மே விடுமுறையில் நடத்தினால் முற்றம் காய்ந்திருக்கும். ஜூன் பிறந்துவிட்டால் முழுவதையும் கூரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கணக்கை மட்டும் திண்ணையில் அளந்துகொள்ளலாம். பதினைந்து இருபது நிமிடத்தில் முடிகிற வேட்டை ஐந்து வயதுக்காரருக்குப் போதும். பத்து வயதுக்காரர்களுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கும். அடுத்த வேட்டையைப் பிள்ளைகளே கட்டட்டும், பெரியவர்கள் தேடட்டும். அவர்களுக்கு வேண்டியது இரண்டு நாள் அவகாசம், ஒரு கட்டுத் தாள், கொஞ்சம் தேயிலைச் சாயம். குறிப்பு எவ்வளவு கடினமாக இருந்தாலும் பெரியவர்கள் முன்கூட்டியே விடை கேட்கக்கூடாது.